லைஃப் ஜாக்கெட் மடியில் வைத்துக்கொள்ள அல்ல!

சென்ற கார்த்திகை மாதக் கடைசியில் என் கிளினிக்குக்கு ஒரு தம்பதி வந்தார்கள். பல வருஷமாக என்னிடம் மருந்து வாங்குகிறவர்கள்தான். அந்த அம்மாவின் முகத்தில் ஒரே சந்தோஷம்.

"டாக்டர், சிங்கப்பூர்ல பொண்ணு வீட்டுக்குப் போறோம். நியூ இயர் அன்னிக்கு ராத்திரி போட்டுல கூட்டிட்டுப் போய் வாணவேடிக்கை காட்டப் போறதா மாப்பிள்ளை சொல்லியிருக்கார். டிக்கெட்கூட எடுத்தாச்சு. எனக்குத்தான் பஸ்ல போனாலே குமட்டும். வாந்தி வராம இருக்க ஏதாச்சும் சூரணம் குடுங்களேன்" என்றார்.

இது ஒரு பெரிய விஷயமா? படகில் ஏறுவதற்கு அரை மணி முன்னால் சாப்பிடச் சொல்லி இஞ்சி சேர்ந்த மருந்து ஒன்று கொடுத்தேன். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிற்றோடும் போக வேண்டாம் என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"பேத்திக்கு என்ன வயசும்மா?"

"நாலு முடிஞ்சிருக்கு."

"அவ அளவுக்கு லைஃப் ஜாக்கெட் அந்தப் படகுல இருக்குமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் சிரித்தபடியே, "அதெல்லாம் அந்த ஊர்ல கரெக்டா வச்சிருப்பாங்க டாக்டர். சீட்டுக்கு அடியிலேயே இருக்குமாம்" என்றார்.

சீட்டுக்கு அடியில்! அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

'சித்த வைத்தியருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் படிப்பில் 'நோயில்லா நெறி' என்றே ஒரு பாடம் உண்டு. வந்த நோய்க்கு மருந்து தேடுவதற்கு முன்னால், வராமல் காப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. நீரில் மூழ்கிப் போகிற உயிருக்கு எந்த வைத்தியத்திலும் லேகியம் கிடையாது. அங்கே வரும்முன் காப்பதுதான் ஒரே மருந்து.

இப்போது நம் வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் சகஜமாகிவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கடல்மேல் வெடிக்கும் வாணவேடிக்கையைப் படகிலிருந்து பார்ப்பது அங்கே பெரிய கொண்டாட்டம். நம் ஊர் அம்மா அப்பாக்களும் போகிறார்கள். போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நெருப்பைவிட நீர்தான் ஆபத்து

படகில் வாணவேடிக்கை என்றதும் எல்லோருக்கும் பொறிமேல்தான் பயம். 'பொறி பறந்து வந்து புடவையில் விழுந்தால்?' என்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாதுகாப்பு விதிப்படி, வெடிகுண்டின் குறுக்களவு ஒரு அங்குலம் என்றால் 70 அடி தூரம் தள்ளி நிற்க வேண்டும். 10 அங்குலக் குண்டு என்றால் 700 அடி! அந்த எல்லைக்குள் படகுகளை விடமாட்டார்கள்.

இந்தத் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். 2012 ஜூலை 4-ம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, சான் டியாகோ விரிகுடாவில் சுமார் 17 நிமிஷம் நடக்க வேண்டிய வாணவேடிக்கை, கம்ப்யூட்டர் கோளாறால் அரை நிமிஷத்துக்குள் மொத்தமாக வெடித்துத் தீர்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை. காரணம், யாரும் பக்கத்தில் இல்லை. ஆகவே, 'இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க' என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள்.

ஆனால் அதே நாள் ராத்திரி, அதே நாட்டின் இன்னொரு கோடியில் என்ன நடந்தது தெரியுமா?

நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் ஆய்ஸ்டர் பே என்ற இடம். 34 அடி நீளமுள்ள ஒரு சொந்தப் படகில் 27 பேர் வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாரம் அதிகம். இருட்டில் அலை ஒன்று மோத, படகு கவிழ்ந்தது. கேபினுக்குள் சிக்கிக்கொண்ட மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, 2012 அக்டோபர் 1-ம் தேதி. ஹாங்காங்கில் சீன தேசிய தினம். ஒரு மின்சார நிறுவனத்தின் ஊழியர்களும் அவர்கள் குடும்பங்களும் வாணவேடிக்கை பார்க்கப் படகில் போனார்கள். லாமா தீவுப் பக்கம் வேறொரு பயணிகள் படகு வந்து மோதியது. இரண்டே நிமிஷத்தில் படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது. 39 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். பிறகு நடந்த விசாரணையில், படகில் குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட்டே இல்லை என்று தெரியவந்தது. தண்ணீர் பரவாமல் தடுக்க வேண்டிய ஒரு கதவும் இல்லை.

கவனியுங்கள். ஒரு விபத்து வாணவேடிக்கைக்குப் போகும் வழியில். மற்றது திரும்பி வரும் வழியில். இரண்டிலும் பட்டாசு யாரையும் தொடவில்லை!

இரண்டு நிமிஷத்தில் மூழ்குகிற படகில், சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஜாக்கெட்டை உருவி, முடிச்சவிழ்த்து, அழுகிற குழந்தைக்கு இருட்டில் மாட்டிவிட உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

கண் ஏமாற்றும் நேரம்

திரும்பி வரும் பயணத்தில் ஏன் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்? இதை ஒரு வைத்தியனாகவே சொல்கிறேன்.

நல்ல வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது அல்லவா? இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிஷம்கூட ஆகும். வாணவேடிக்கையை அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்த கண், கடைசி வெடி அணைந்ததும் கடலைப் பார்க்கிறது. எதிரே விளக்கில்லாமல் ஒரு சின்னப் படகு வந்தால்? படகோட்டியும் மனுஷன்தானே! அவர் கண்ணும் அப்படித்தான். போதாததற்கு, நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே சமயத்தில் கிளம்பும். ஒவ்வொன்றும் எழுப்பும் அலை அடுத்ததை ஆட்டும். படகு ஓட்டுகிறவர் கொண்டாட்டத்தில் இரண்டு 'ரவுண்டு' போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே என் யோசனை இதுதான். கடைசி வெடி முடிந்ததும் அரை மணி நேரம் பொறுங்கள். கூட்டம் கலையட்டும். 'சீக்கிரம் போங்க, குழந்தை தூங்குது' என்று படகுக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். தூங்குகிற குழந்தையைக் கீழே கேபினில் படுக்க வைக்காதீர்கள். திறந்த தளத்தில், உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. நின்றபடியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் படகில் பின்பக்கம் உட்கார்ந்தால் புகையோடு கார்பன் மோனாக்ஸைடு வாயுவும் மூக்கில் ஏறும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். பலர் இதைக் கடல் மயக்கம் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே படகில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி வந்தால் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, காற்றோட்டமான பக்கம் வந்துவிடுங்கள்.

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால்...

வானத்தில் பூ விரிந்ததும் என்ன செய்வோம்? எழுந்து நிற்போம். செல்போனைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓரமாக ஓடுவோம். இதுதான் படகுக்குப் பிடிக்காத காரியம். மேல்தளத்தில் கனம் ஏறி, அதுவும் ஒரு பக்கமாகச் சேர்ந்தால், தலையில் சுமை சரிந்தவன் மாதிரி படகும் சரிந்துவிடும்.

இதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரையில் விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள். இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அங்கே விலங்கு. இங்கே வாணவேடிக்கை. சாய்கிற படகுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் தப்பையும் சொல்கிறேன்

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் யோக்கியன் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு மலை ஊர் ஏரியில் படகில் ஏறினேன். ஜாக்கெட்டில் வியர்வை நாற்றம். கொக்கியும் உடைந்திருந்தது. என் மனைவி, "பட்டுப் புடவை மேல இதைப் போட்டா போட்டோ நல்லாவா இருக்கும்?" என்றாள். படகுக்காரர், "சும்மா மடியில வச்சுக்குங்க சார், செக்கிங் வந்தா போட்டுக்கலாம்" என்றார். நானும் சமர்த்தாக மடியில் வைத்துக்கொண்டேன்! ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால்தான் இன்று எழுதுகிறேன். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு பயணமும் நம்மை இன்னும் அலட்சியக்காரர்களாக்குகிறது, அவ்வளவுதான்.

செக்கிங் செய்பவருக்காகவா ஜாக்கெட் போடுகிறோம்? தண்ணீரில் நனைந்த ஆறு கெஜப் புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுவார்கள். ஹாங்காங்கில் அந்த விபத்துக்குப் பிறகு, கடல் வாணவேடிக்கைக்குப் போகும் படகுகளில் குழந்தைகள் முழு நேரமும் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை கொண்டுவந்தார்கள். 39 உயிர் கொடுத்துக் கற்ற பாடம் அது. நாம் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாமே!

ஏறுமுன் கேளுங்கள்

டிக்கெட் வாங்கும்போது ஜன்னலோர சீட் இருக்கிறதா, டிபன் உண்டா என்று கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்:

* படகில் எத்தனை பேருக்கு அனுமதி? இன்று எத்தனை பேர் ஏறுகிறார்கள்?

* குழந்தை அளவு ஜாக்கெட் உண்டா? பெரியவர்களுடையது குழந்தைக்கு உதவாது. மாட்டிவிட்டு, தோள்பட்டையில் பிடித்து ஜாக்கெட்டை மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் தண்ணீரில் குழந்தை நழுவிவிடும்.

* படகோட்டி மது அருந்தியிருக்கிறாரா? சந்தேகம் வந்தால் ஏறாதீர்கள். மரியாதை பார்க்காதீர்கள்.

* கைக்குழந்தை இருந்தால் கரையிலேயே இருந்துவிடுங்கள். அதற்கு வாணவேடிக்கை புரியப்போவதில்லை. சத்தம்தான் பயமுறுத்தும்.

தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கினால்...

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்கியவரைக் கரைசேர்த்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வயிற்றில் உள்ளது வெளியே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பொன்னான நேரமும் வீணாகும்.

அவருக்குத் தேவை மூச்சு. ஒருவர் உதவிக்குப் போன் செய்யட்டும். நினைவில்லாமல், மூச்சும் இல்லாவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு முதல் ஐந்து முறை ஊதுங்கள். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயே ஆகவேண்டும். நுரையீரல் தொல்லை சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அந்த நேரத்தில் எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் வர வேண்டாம். எமர்ஜென்சி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தத் தம்பதி தை மாதம் திரும்பி வந்தார்கள். "என்னம்மா, மருந்து கேட்டுதா?" என்றேன்.

"மருந்துக்கு வேலையே வரலை டாக்டர். பொண்ணு போன் பண்ணிக் கேட்டா. பெரியவங்க ஜாக்கெட்தான் இருக்குன்னுட்டாங்க. பேத்திக்கு இல்லாம நாங்க எப்படிப் போறது? கரையில நின்னே பார்த்துட்டோம். டிக்கெட் காசு திரும்ப வரலை. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்."

காசு போனது போகட்டும். கரையிலிருந்து பார்த்தாலும் அதே வானம்தானே!