பெயர் தெரியாத விமானத்தில் ஏறலாமா?

எங்கள் புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது யாரோ ஒருவர் பிரான்சில் இருப்பார். அதனால் பென்ஷன்காரர்கள் கூடும் இடத்தில் சர்க்கரை, முழங்கால் வலிக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு விமான டிக்கெட்தான்.

போன வாரம் கடற்கரைச் சாலையில், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். பாரிசிலிருந்து மகன் அனுப்பிய டிக்கெட். வழியில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும்.

"கம்பெனி பேரையே நான் கேள்விப்பட்டதில்ல சார். வீட்ல ஏறவே மாட்டேங்குறாங்க. மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். என்ன செய்யலாம்?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த மூவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "சாப்பாடு நல்லா போடுறானான்னு விசாரிங்க" என்றார் ஒருவர். "ஆப்பிரிக்கா கம்பெனின்னா வேண்டவே வேண்டாம்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "பிளேன் புதுசான்னு பாருங்க" என்றார்.

மூன்றும் தப்பான கேள்விகள் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அரசாங்கக் கணக்கில் ஒரு தலைப்பில் உள்ள பணத்தை இன்னொரு தலைப்பில் எழுதக் கூடாது. விமானத்திலும் பாதுகாப்பு ஒரு தலைப்பு, உபசரிப்பு வேறு தலைப்பு. நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இரண்டு அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் வாசலில் பூந்தொட்டி, மேஜையில் கண்ணாடி, வந்தவருக்கு டீ. தணிக்கைக் குழு வந்து கேஷ் புக்கைத் திறந்தால் மூன்று மாதமாக எழுதப்படவில்லை. இன்னொன்றில் கூரை ஒழுகும். குமாஸ்தா சிரிக்கவே மாட்டார். பதிவேட்டில் ஒரு பைசா பிசகாது. டீயை வைத்துக் கணக்கை எடைபோட முடியாது என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் எனக்கு ஆபீசில் பெரிய லாபம் எதுவும் கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2004 ஜனவரி 3-ஆம் தேதி எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து கிளம்பிய ஃபிளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் சில நிமிடங்களில் செங்கடலில் விழுந்தது. 148 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் விடுமுறை முடிந்து வீடு திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள். அந்தச் செய்தியில் என்னை உலுக்கியது வேறொரு விஷயம். சோதனையில் குறைகள் கண்டு, சுவிட்சர்லாந்து அந்தக் கம்பெனியை 2002-லேயே தன் நாட்டுக்குள் வர வேண்டாம் என்று நிறுத்தியிருந்தது. பக்கத்து நாட்டில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது தெரியாது. விபத்தின் காரணம் பற்றி விசாரித்த நாடுகளுக்குள் கடைசி வரை ஒத்த கருத்து வரவில்லை. ஆனால், ஒரு நாட்டுக்குத் தெரிந்தது அடுத்த நாட்டுப் பயணிக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வி நின்றது.

அதற்குப் பதிலாக ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் சட்டம் போட்டு, 2006 மார்ச்சில் முதல் பட்டியலை வெளியிட்டது. பிரெஞ்சில் 'லிஸ்த் நுவார்', கறுப்புப் பட்டியல். எந்தெந்த விமான நிறுவனங்கள் ஐரோப்பாவுக்குள் பறக்கக் கூடாது என்பதை அவ்வப்போது திருத்தி இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். பல இடங்களில் ஒரு நாட்டின் நிறுவனங்கள் மொத்தமாகவே பட்டியலில் இருக்கும். காரணம், அங்கே மேற்பார்வை செய்ய வேண்டிய அரசு அலுவலகம் சரியில்லை என்பது.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. 2014 ஜனவரியில் அமெரிக்கா நம் இந்தியாவின் விமானப் பாதுகாப்பு மேற்பார்வையை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. நம் விமான ஒழுங்குமுறை இயக்ககத்தில் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதவில்லை என்பது முக்கியமான குறை. ஆட்களை நியமித்துச் சரிசெய்து 2015 ஏப்ரலில் முதல் தரத்தைத் திரும்பப் பெற்றோம். காலிப் பணியிடத்தால் ஓர் அலுவலகம் எப்படி நொண்டும் என்பதை ஒரு குமாஸ்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கண்டத்தை வைத்துப் பயப்படுவது. 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 157 பேர் இறந்தபோது, "ஆப்பிரிக்கா என்றால் இப்படித்தான்" என்றவர்களைக் கேட்டேன். அதற்கு ஐந்து மாதம் முன்பு இந்தோனேசியாவிலும் அதே போயிங் 737 மேக்ஸ் ரகம் விழுந்திருந்தது. மூக்கைத் தானாகக் கீழே அழுத்திய மென்பொருளைத்தான் இரண்டு விசாரணைகளும் பெரிய காரணமாகக் காட்டின. அது வடிவமைக்கப்பட்டது அமெரிக்காவில். விமானங்களோ புத்தம் புதியவை. 'பிளேன் புதுசா' என்பவருக்கும் இதுவே பதில். பெரிய பெயரும் காப்பு இல்லை. 2009-இல் அட்லாண்டிக்கில் 228 பேரோடு விழுந்தது ஏர் பிரான்ஸ்.

கெட்ட பெயர் நிரந்தரமும் இல்லை. 2007-இல் இந்தோனேசிய நிறுவனங்கள் அனைத்தையும் ஐரோப்பா தடை செய்தது. கருடாவுக்கு 2009-இலும், மற்றவற்றுக்குப் படிப்படியாக 2018-க்குள்ளும் தடை நீங்கியது. ஆகவே பத்து வருஷத்துக்கு முன்பு மச்சான் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்றைய பட்டியலைப் பாருங்கள்.

மாறி ஏறும் விமானத்தை மறந்துவிடக் கூடாது. 2009 ஜூன் 30-இல் கொமோரோ தீவுகளுக்கு அருகே யெமெனியா விமானம் கடலில் விழுந்தது. 152 பேர் இறந்தனர். ஒரே ஒரு சிறுமி பிழைத்தாள். பலர் பாரிசில் ஒரு நல்ல விமானத்தில் ஏறி, சனாவில் பழைய ஏர்பஸ் ஒன்றுக்கு மாறியவர்கள். அந்தப் பழைய விமானத்தில் 2007-லேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் குறை கண்டிருந்தார்கள். பிறகு அது பிரான்சுக்கு வரவேயில்லை. விமானிகள் கையாண்ட விதமே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை பின்னர் முடித்தது. விமானிகளின் பயிற்சியும் பயணியின் கண்ணுக்குத் தெரியாததுதானே.

உபசரிப்பு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன் நானும் என் மனைவியும் போன கம்பெனிக்குப் பாதுகாப்பில் நல்ல பெயர். மாறும் ஊரில் சொல்லி வைத்த சக்கர நாற்காலி வரவே இல்லை. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். அடுத்த வாயில் முடிவே இல்லாத நடைபாதையின் கோடியில் இருந்தது. புகார் எழுதினேன், "வருந்துகிறோம்" என்று அச்சடித்த பதில் வந்தது. பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஆனாலும் அந்தக் கம்பெனியில் இனி ஏறமாட்டேன். உயிருக்குப் பட்டியலைக் கேளுங்கள். முழங்காலுக்கு, அதே வழியில் சமீபத்தில் போன வயதானவரைக் கேளுங்கள்.

நண்பரின் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்:

ஒன்று, ஐரோப்பியப் பட்டியலில் பெயர் இருக்கிறதா?

இரண்டு, 'அயோசா' பதிவில் இருக்கிறதா? சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா நடத்தும் தணிக்கை அது. பதிவை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

மூன்று, டிக்கெட்டில் பொடி எழுத்தில் 'ஆப்பரேட்டட் பை' என்று வேறு பெயர் உண்டா? உண்டென்றால் முதல் இரண்டு கேள்வியையும் அந்தப் பெயருக்கும் கேட்க வேண்டும்.

நான்கு, சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி, எழுத்தில் வாங்கியாயிற்றா? மாறும் ஊரில் மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கிறதா?

அவருடைய போனிலேயே பார்த்தோம். கறுப்புப் பட்டியலில் பெயர் இல்லை, அயோசாவில் இருந்தது, இரண்டு விமானமும் அதே நிறுவனத்துடையது. பதினைந்து நிமிஷம் ஆயிற்று. இடைவெளிதான் ஒன்றரை மணி நேரம். மகனிடம் சொல்லி அதை மாற்றச் சொன்னேன்.

நேற்று நண்பர் போன் செய்தார். அடுத்த விமானத்துக்கு மாற்றியாயிற்றாம், நாற்காலியும் சொல்லியாயிற்றாம். வீட்டில் பாதி சம்மதம்.

"மீதி பாதி?" என்றேன்.

"சாப்பாடு எப்படின்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க சார்."