தூரத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று

முகூர்த்த நாள்களில் வடபழனி ஆண்டவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிவதற்கு முன்பே கேமராப் பைகள் நடமாடத் தொடங்கிவிடும். ஒரே காலையில் வரிசையாகத் திருமணங்கள். இருள் பிரியும் முன்பே தாலி கட்டுகிற வீட்டாருக்குப் படம் எடுப்பவரின் உதவிக்குச் சூரியன் வருவதில்லை. டியூப்லைட், ஹோமப் புகை, பக்கத்தில் நிற்கும் வீடியோக்காரரின் எல்இடி விளக்கு, இவ்வளவுதான் அவருக்கு வாய்த்த வெளிச்சம். இதே வட்டாரத்திலிருந்து குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு கூட்டம் பைக்கில் தெற்கே கிளம்புகிறது. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரம் நின்று பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரையையும் கூழைக்கடாவையும் தேடுகிறவர்கள் அவர்கள்.

இரண்டு கூட்டத்திலும் ஒரே ஆள் இருப்பதுதான் சிக்கல். அக்கா மகள் கல்யாணத்தையும் எடுக்க வேண்டும், நீளவால் இலைக்கோழியையும் எடுக்க வேண்டும், கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே கேமராதான் என்று கடைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றே. “சூப்பர்ஜூம் வாங்கிக்கோங்க சார், ஆல்ரவுண்டர். லென்ஸ் மாத்துற வேலையே இல்ல. டிஎஸ்எல்ஆர்லாம் சீரியஸா பறவை எடுக்கிறவங்களுக்கு.”

இந்தப் பதில் தலைகீழானது. சூப்பர்ஜூம் ஆல்ரவுண்டர் அல்ல. தூரத்தில் அசையாமல் இருப்பதைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பது என்ற ஒற்றை வேலையில் தேர்ந்த கருவி அது. வீட்டு விசேஷம், கல்யாண மண்டபம், மேடைக் கச்சேரி என்று பொதுவாகப் புழங்க ஏற்றது டிஎஸ்எல்ஆர்தான்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. 125 எக்ஸ், 83 எக்ஸ், 65 எக்ஸ். எக்ஸ் என்பது எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கான அளவு அல்ல. லென்ஸின் நீண்ட முனையைக் குறுகிய முனையால் வகுத்தால் வருகிற ஈவு, அவ்வளவே. 2018இல் வந்த நிக்கான் பி1000, 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24இலிருந்து 3000 மி.மீ. வரை போகும். 3000ஐ 24ஆல் வகுத்தால் 125. பானசோனிக் எஃப்இசட்300 வெறும் 24 எக்ஸ்தான். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 வெறும் 25 எக்ஸ். ஆனால் முன்னது 600 மி.மீ. முனையிலும் எஃப்/2.8இல் நிற்கும். பின்னதன் சென்சார் பி1000இன் சென்சாரைவிட நான்கு மடங்கு பெரியது. எக்ஸை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த இரண்டு கேமராவும் கண்ணிலேயே படாது.

3000 மி.மீ. என்பதும் கணக்குக்காகச் சொல்லப்படுவதே. பி1000இன் லென்ஸ் வளையத்திலேயே உண்மையான அளவு பொறிக்கப்பட்டிருக்கிறது: 4.3 முதல் 539 மி.மீ. சென்சார் மிகச் சிறியது என்பதால், அது பிடிக்கும் சின்னஞ்சிறு சதுரம் பெரிய ஃபிலிமில் 3000 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சிக்குச் சமமாகிறது. சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. நிக்கான் டி500 போன்ற ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆரின் சென்சார் அதைப் போல 13 மடங்கு. ஃபுல் ஃபிரேம் என்றால் 30 மடங்கு.

இந்த இடத்தில் டிஎஸ்எல்ஆர் அபிமானிகள் வழக்கைத் தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அவசரப்படக் கூடாது. தொலைவில் இருக்கும் ஒரு பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வருகிறது என்பதைச் சென்சார் தீர்மானிப்பதில்லை. லென்ஸின் வாசல் எவ்வளவு அகலம் என்பதுதான் தீர்மானிக்கிறது. உண்மையான மி.மீ. அளவை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் கிடைக்கும். பி1000இன் நீண்ட முனையில் 539ஐ 8ஆல் வகுக்க, 67 மி.மீ. பறவை எடுப்பவர்களிடையே பேர்போன நிக்கான் 200-500 எஃப்/5.6 லென்ஸில் 500ஐ 5.6ஆல் வகுக்க, 89 மி.மீ. பரப்பில் பார்த்தால் பி1000க்குள் வரும் ஒளி, அந்தப் பெரிய லென்ஸுக்குள் வருவதில் பாதிக்குச் சற்று மேல்.

பாதி என்பது தோல்வி மாதிரித் தெரியலாம். எடையையும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பி1000 சுமார் 1.4 கிலோ, டி500இல் 200-500ஐ மாட்டினால் மூன்று கிலோவைத் தாண்டும். அமெரிக்காவில் அறிமுகமானபோது பி1000இன் விலை சுமார் 1,000 டாலர். டி500 பாடி மட்டும் 2,000, லென்ஸ் 1,400.

இதைவிடச் சங்கடமான கணக்கு இன்னொன்று உண்டு. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களோடு இரட்டை லென்ஸ் கிட்டாகக் கட்டி விற்கப்பட்ட 70-300 எஃப்/6.3 லென்ஸின் வாசல் 48 மி.மீ.கூட இல்லை. பி1000ஐ விடுங்கள், அதற்கு முந்தைய பி900இன் வாசலே 55 மி.மீ. பறவை எடுக்கலாம் என்று நம்பி அந்தக் கிட்டை வாங்கியவர், சதுப்பின் மறுகரையில் நிற்கும் நாரையைப் பொறுத்தவரை சூப்பர்ஜூம் வைத்திருப்பவரிடம் தோற்றுத்தான் போவார். படத்தை வெட்டி வெட்டிப் பெரிதாக்கியும் கண் எது, அலகு எது என்று தெரியாமல் திண்டாடுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

ஆகவே உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, வெயில் நேரத்துக்கு, சூப்பர்ஜூம் வாங்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை 1,247 ஹெக்டேர் பரப்புள்ளது. பறவைகள் நம் வசதிக்காகச் சாலையோரம் வந்து நிற்பதில்லை. வந்திருப்பது எந்த உள்ளான் என்று அடையாளம் காணவும், கணக்கெடுப்பில் ஆதாரமாக ஒரு படம் சேர்க்கவும் இந்தக் கேமரா தாராளம். நிலாவின் பள்ளங்களைப் பார்ப்பதற்கென்றே பி1000 வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கேமராவின் டயலில் நிலாவுக்குத் தனி மோடே வைத்திருக்கிறார்கள்.

பறக்கும் பறவை என்றால் கதை வேறு. சூப்பர்ஜூம்களில் பெரும்பாலானவை காட்சியின் மாறுபாட்டை அளந்து, முன்னும் பின்னும் துழாவித்தான் ஃபோகஸைப் பிடிக்கும். டிஎஸ்எல்ஆரில் அதற்கென்றே தனி சென்சார் இருக்கிறது. டி500இல் 153 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 10 படம். நீரில் பாயும் மீன்கொத்தியை 2000 மி.மீ. காட்சிக்குள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது மீனை விழுங்கிவிட்டுப் போயிருக்கும். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 ஒன்றுதான் இதில் விதிவிலக்காகச் சொல்லத்தக்கது. அதன் விலையும் விதிவிலக்கானதே.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பின்குறிப்பு. வெயில் ஏறியபின் சதுப்பின் மேல் கானல் எழும்பும்போது 3000 மி.மீ. லென்ஸ் பறவையைவிடக் காற்றின் நடுக்கத்தைத்தான் நன்றாகப் படம் பிடிக்கும். அந்த நேரத்தில் எந்த விலைக்கு வாங்கிய லென்ஸும் காப்பாற்றாது. சீக்கிரம் எழுந்து போவது ஒன்றே வழி, அது இலவசம்.

இனி கல்யாணத்துக்கு வரலாம். மணமேடையிலிருந்து சில அடி தள்ளி நின்று, மணமக்கள் இருவரும் ஃபிரேமில் நிறையும்படி எடுக்கிறார் ஒருவர். ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆரில் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், விலை மலிவான சின்ன லென்ஸ்தான். அதே காட்சியை பி1000 எவ்வளவு முயன்றாலும் எஃப்/2.8க்கு மேல் திறந்து எடுக்க முடியாது. சென்சார் பரப்பையும் இந்த வித்தியாசத்தையும் பெருக்கினால் டிஎஸ்எல்ஆருக்குக் கிடைக்கும் ஒளி 30 மடங்குக்கு மேல். தூரப் பறவையிடம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டாக இருந்த வித்தியாசம், மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒன்றுக்கு முப்பதாகிவிடுகிறது.

கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில நொடிகளில் இந்த முப்பது என்ன செய்யும் என்று கல்யாண ஆல்பம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள் கயிற்றைப் பிடித்த விரல்கள் அசைந்து கலங்கியிருக்கும். அசைவைத் தடுக்க ஐஎஸ்ஓவை ஏற்றினால் பட்டுப் புடவையின் ஜரிகையும் மணப்பெண்ணின் கன்னமும் ஒரே மாதிரிப் புள்ளி புள்ளியாகிவிடும். ஃபிளாஷ் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் ஹோமப் புகையில் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திரை ஒன்று குறுக்கே வந்து நிற்கும். டிஎஸ்எல்ஆர் வாங்கி அதோடு வந்த 18-55 கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறவர்களும் இந்த லாபத்தில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறார்கள். 55 மி.மீ. முனையில் அது எஃப்/5.6தான்.

வடபழனியில் இதைச் சொல்லும்போது சினிமாவை ஒதுக்க முடியாது. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்து, ஸ்டில் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்கலாம் என்றானபோது அதை முதலில் கையில் எடுத்தவர்களில் சினிமாக்காரர்களும் இருந்தார்கள். 2010இல் அமெரிக்காவின் ‘ஹவுஸ்’ தொலைக்காட்சித் தொடர் ஒரு சீசனின் கடைசி அத்தியாயத்தை அதில் எடுத்தது. தமிழில் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை விஜய் மில்டன் டிஎஸ்எல்ஆரில்தான் ஒளிப்பதிவு செய்தார். 2012இல் வெளியான அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நடைபாதைக் கடையும் இரவுத் தெருவுமாக இருக்கிற வெளிச்சத்தில் ஒரு கதையைச் சொல்ல, சின்ன உடலும் பெரிய சென்சாரும் கொண்ட கேமரா எவ்வளவு வசதி என்று யோசித்தால் அந்தத் தேர்வு விளங்கும். தூரத்தை இழுத்துக் காட்டும் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

கருவியைப் பற்றிய பேச்சில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருப்பது சென்னைக்கு அழகல்ல. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மயிலாப்பூர்ப் பக்கம் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், வாழ்ந்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினார். முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய கேமரா ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், தாமே வடிவமைத்த மற்ற உறுப்புகள் என்று ஒட்டுப்போட்ட ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. கிருஷ்ணனின் வழியை இதில் பின்பற்றச் சொல்ல வேண்டியதில்லை; அவருடைய விரல் லாவகமும் பொறுமையும் எல்லோருக்கும் வாய்க்காது. கவனிக்க வேண்டியது, கடையில் கிடைக்கும் எந்த ஒரு கேமராவும் தம் வேலைக்கு முழுதாகப் பொருந்தாது என்று அவர் ஏற்றுக்கொண்டு, வேலையிலிருந்து தொடங்கிக் கருவிக்கு வந்தார் என்பதே.

டிஎஸ்எல்ஆரின் காலம் முடிந்துவிட்டதே, இனி எதற்கு அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேனனும் நிக்கானும் 2018இலேயே மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டன என்பது சரி. 2020க்குப் பிறகு இரண்டுமே புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. அதே நிக்கான் 2025இல் பி1000இன் லென்ஸை அப்படியே வைத்து பி1100 என்று புதுப்பித்திருக்கிறது. செல்போனால் தொட முடியாத ஒரே சங்கதி அந்த நீண்ட முனைதான் என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. டிஎஸ்எல்ஆர் கைவிடப்பட்டதால் வாங்குபவருக்கு நஷ்டமில்லை. மிரர்லெஸுக்கு மாறுகிறவர்கள் பழையதைச் செகண்ட் ஹேண்டில் தள்ளிவிடுகிறார்கள். நேற்று எட்டாத விலையில் இருந்த பாடி இன்று எட்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது சென்னையில் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று கேட்பதைவிட முக்கியமான கேள்வி பூஞ்சை. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில், பீரோவுக்குள் துணிகளோடு கிடந்த லென்ஸின் உள்கண்ணாடியில் வெள்ளை நூல்போல அது படரும். லென்ஸின் ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸில் பூஞ்சை என்றால் லென்ஸை மாற்றலாம். சூப்பர்ஜூமில் கேமராவே போச்சு. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா இரண்டுக்குமே போதும்.

ஒரே கேமராவில் இரண்டையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்கிற பிடிவாதத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அறிமுக விலைகளையே எடுத்துக்கொண்டால் பி950 சூப்பர்ஜூம் 800 டாலர், டி3500 டிஎஸ்எல்ஆர் கிட் லென்ஸோடு 500, 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 200. மொத்தம் 1,500. டி500உம் 200-500உம் சேர்ந்து 3,400. செகண்ட் ஹேண்டில் எண்கள் இறங்கும், விகிதம் பெரிதாக மாறாது. அதற்கும் கை எட்டாதவருக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோக்களை நம்பி வளர்ந்த வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில் கேமராவையும் லென்ஸையும் நாள் வாடகைக்கு எடுப்பது புது விஷயமல்ல. அடிக்கடி செய்கிற வேலைக்கான கேமராவைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வேலைக்கு மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருமுறை வருகிற வேலை கல்யாணமா பறவையா என்பது வீட்டுக்காரருக்கே தெரியும்.