விழாமல் தடுத்தவள்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பஸ்ஸின் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். இறங்கும்போதுதான் பிரேக் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது! பக்கத்து ஸீட் மாமி பேரனை அணைத்துக்கொண்டு, "நம்மைக் காப்பாத்தறது அதானே, அம்மா!" என்றாள்.

கூடைப்பந்தும் அப்படித்தான். பந்தைக் கூடையில் போட்டவளுக்குக் கைதட்டல். எதிரியை மறித்து, வியர்வை சிந்தி நின்றவளை யார் கவனிக்கிறார்கள்?

2017-ல் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என்று வென்றார்கள். இரண்டே புள்ளி வித்தியாசம்! எதிரிக்கு இன்னும் ஒரு கூடை விழுந்திருந்தால் ஆட்டம் சமம். அது விழாமல் தடுத்த கைகளுக்குக் கணக்குப் பலகையில் இடமில்லை.

அந்த அணியில் சென்னைப் பெண் அனிதா பால்துரையும் இருந்தார். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். தாயான பிறகும் மைதானத்துக்குத் திரும்பி வந்தவர். 18 ஆண்டு உழைப்புக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் வீட்டிலும் வரவு எழுத நோட்டு இருக்கிறது. வீண் போகாமல் தடுத்ததை எழுத நோட்டு ஏது, சொல்லுங்கள்?