நிழலை வளர்த்தவன் காடழித்தவனா?



காப்பிக்காரன் காட்டை அழித்தவன் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக நடக்கிறது. சொல்றவங்க ஒருநாள் காரை விட்டு இறங்கி, பள்ளங்கிச் சரிவிலும், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கமும் நடந்து பார்க்கட்டும். மேலே பெருமரம், மரத்தில் ஏறின மிளகுக்கொடி, நடுவில் வாழையும் ஆரஞ்சும், எல்லாத்துக்கும் அடியில் காப்பி. இது அழித்த காடா, வளர்த்த காடா?

காப்பி நம்ம செடி இல்லை. எத்தியோப்பியாக் காட்டில் மர நிழலில் முளைத்த செடி. பாபா புதன் கொண்டுவந்த விதையால் கன்னட நாட்டு மலையில் வேர் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம பழனி மலைக்கும் வந்தது. நமக்கெல்லாம் முன்னாலேயே இந்த மலையில் இருந்தவர்கள் பளியர் மக்கள். அதையும் மறக்காமல் சொல்கிறோம்.

அதே காலத்தில் இலங்கையில் என்ன நடந்தது? துரைமார்கள் மலைக்காட்டை மொட்டையடித்து, நம்ம தமிழ் ஜனங்களைக் கூலியாகக் கொண்டுபோய், மலை முழுக்க ஒரே பயிராகக் காப்பி போட்டார்கள். 1869-ல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இருபது வருஷம் ஆவதற்குள் காப்பி போச்சு. அந்த மலையெல்லாம் தேயிலை ஆச்சு. போன காடு போனதுதான். அந்த நோய் நம்ம பக்கமும் வந்தது. நிழலும் புது ரகங்களும்தான் நம்ம நாட்டுக் காப்பியைக் கைகொடுத்துக் காப்பாற்றின.

நிழல் இல்லாமல் வெயில் பட்டால் அரபிக்காத் தண்டில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஏறும். உதிரும் இலைதான் நமக்கு உரம். வேர்தான் சரிவில் மண்ணைப் பிடிக்கிறது. வரதமாநதி, பாலாறு, பொருந்தலாறு, மருதாநதி, மஞ்சளாறு என்று கீழ்நாட்டு வயலுக்குப் போகிற தண்ணி எல்லாம் இந்த மலையில் இருந்துதான் இறங்குது. மலைமேல் நிழலைக் காப்பாற்றுகிறவன் சமவெளிக்காரனுக்கும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறான்.

இதுக்கு நமக்குக் கிடைத்த கூலி என்ன?

கீழ்ப்பழனி மலையில் மலைவாழையை முடிக்கொத்து நோய் தின்றது. பலர் காப்பியை நம்பினார்கள். 1942-ல் வந்த சட்டப்படி காப்பியை எல்லாம் வாரியத்தின் பொதுக் கணக்கில் போட்டுவிட்டு, பணம் தவணை தவணையாக வரக் காத்திருந்தோம். 1989-ல் உலக நாடுகளின் காப்பி ஒதுக்கீட்டு ஒப்பந்தம் முறிந்தது. 1995, 96-ல் பொதுக் கணக்கும் போனது. "இனி உங்க இஷ்டம்போல வித்துக்கோங்க" என்றார்கள். சுதந்திரம் வந்த கொஞ்ச வருஷத்தில், 2001, 2002-ல், உலக விலை அதலபாதாளத்தில் விழுந்தது. பழம் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. அப்பவும் நம்மில் பெரும்பாலோர் மரத்தில் கை வைக்கவில்லை!

2025-ல் விலை ஏறியது, இல்லேன்னு சொல்லலை. பிரேசிலில் 2021-ல் உறைபனி, 2024-ல் வறட்சி. அதனால் 2025 பிப்ரவரியில் உலக விலை அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. ஆனால் மரத்தை வெட்டி வெயிலில் போட்டவனுக்கும் அதே விலை, நிழலைக் காத்தவனுக்கும் அதே விலை. நகரத்துக் கடையில் "நிழலில் விளைந்த காப்பி" என்று பாக்கெட்டில் மரம் படம் போட்டு விற்கிறான். அந்த நிழலுக்கு நமக்கு எத்தனை பைசா?

இப்போது புதுசாக ஒன்று. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டது. அமலாக்கத்தை இரண்டு முறை தள்ளிவைத்தும் விட்டார்கள். நோக்கம் நல்லதுதான், எதிர்க்கவில்லை. மரத்தடியில் பயிர் செய்யும் நிலம் விவசாய நிலம்தான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 4 ஹெக்டேர் வரை நிலம் இருக்கும் இடத்தை ஒரு புள்ளியால் குறித்தாலே போதும். ஆனால் அந்தப் புள்ளியை யார் பேரில் வைப்பது? பட்டா தாத்தா பேரில்! கூட்டுப் பட்டாவில் பதினைந்து பங்காளி! காகிதம் இல்லாத சிறு விவசாயியை ஒதுக்கிவிட்டு, காகிதம் வைத்திருக்கும் பெரிய எஸ்டேட்டிடம் மட்டும் வாங்கினால், நிழலை வளர்த்தவன் நடுத்தெருவில் நிற்பான்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, நம்ம பட்டாவில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வாங்கணும். சரி, வாங்குகிறோம். ஆனால் கொடைக்கானலில் 1993 முழுமைத் திட்டத்தை மீறி எழுந்த கட்டடங்களுக்குச் சீல் வைக்க 2019 வரை, அதுவும் உயர் நீதிமன்றம் உத்தரவு போடும்வரை, காத்திருக்க வேண்டி வந்ததே! மரத்தை நட்டவனுக்கு ஒரு நியாயம், கான்கிரீட் நட்டவனுக்கு ஒரு நியாயமா?

ஆகவே நாம் கேட்பது:

1. வருவாய்த்துறை மலைக் கிராமங்களில் முகாம் போட்டு, வாரிசுப் பட்டாவையும் தனிப் பட்டாவையும் முடித்துக் கொடுக்க வேண்டும்.

2. 2006 வன உரிமைச் சட்டப்படி பளியர் மக்களுக்குச் சேர வேண்டிய உரிமையைத் தாமதமின்றித் தர வேண்டும்.

3. ஐரோப்பியச் சட்டத்துக்கான பதிவைக் காப்பி வாரியம் ஊருக்கே வந்து இலவசமாகச் செய்ய வேண்டும்.

4. 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி என ஐந்து காப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டியலில் விடுபட்ட பழனி மலைக் காப்பிக்கும் அது வேண்டும்.

5. நாட்டு நிழல் மரங்களைக் காப்பவர்களுக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை வேண்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்வதும் ஒன்று உண்டு. விலை ஏறுதுன்னு நிழலை வெட்டாதீங்க! விடுதிக்காரன் கொடுக்கிற முன்பணத்துக்கு மலையை வித்துடாதீங்க! நிழல் போனால் நம்ம நியாயமும் போச்சு. அப்புறம் "காடழித்தவன்" என்று சொன்னால் வாயைத் திறக்க முடியாது.

பட்டா நகலையும் தீர்வை ரசீதையும் எடுத்து வையுங்கள். கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகும் நாளை ஊர் ஊராகத் தண்டோரா போட்டுச் சொல்வோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்!

நிழலைக் காப்போம்! நிலத்தைக் காப்போம்!
ஒன்றுபடுவோம்! உரிமை பெறுவோம்!

பள்ளங்கி சிறு விவசாயிகள் சார்பில்