அஞ்சல்தலைக்குள் ஒரு தென் துருவம்



தமிழ் வகுப்புக்குப் பொங்கலும் தீபாவளியும் ஆண்டுதோறும் வருகின்றன, வரட்டும். பனிப்பாறையும் நிலநடுக்கமும் மட்டும் ஏன் வாசலிலேயே நிற்கின்றன? அறிவியல் என்றால் ஆங்கிலம் என்று பத்து வயதுப் பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. இதற்குப் பழைய அஞ்சல்தலைகள் நல்ல மருந்து என்பது என் கருத்து.

1951இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நூற்றாண்டுக்காக வெளிவந்த இரண்டு அணா அஞ்சல்தலையைப் பாருங்கள். அதில் இருப்பது நீண்ட தந்தங்களையுடைய, அழிந்துபோன யானையினம். அதன் அறிவியற்பெயர் ஸ்டெகோடான் கணேசா. சிராங்கூன் சாலைக் கோவில்களில் பிள்ளையாரைக் கண்டு வளரும் பிள்ளைகள் அப்பெயரைக் கேட்டால் விடமாட்டார்கள். 'புதைபடிவம்' என்ற சொல்லை அப்போது கொடுக்கலாம். 'புதை' அவர்கள் அறிந்தது. 'படிவம்' பள்ளியில் நிரப்புவது. பொருளை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது 1983ஆம் ஆண்டு அஞ்சல்தலை. எஸ். இசட். காசிம் தலைமையில் இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று அக்கண்டத்தில் கால்பதித்தது. பின்னர் அங்கே எழுந்த தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் 1984இல் அஞ்சலகமும் தொடங்கிற்று. நிலையம் நாளடைவில் பனிக்குள் புதைந்தது; 1989இல் மைத்ரி நிலையம் உருவாயிற்று. பனி விழுங்கிய அஞ்சலகத்தைவிடச் சிறந்த கட்டுரைத் தலைப்பு எனக்குத் தெரிந்து இல்லை!

வெயில் ஊரில் இருக்கும் நமக்குப் பனி எதற்கு என்பர் சிலர். இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. துருவப் பனி உருகினால் நமக்கும் கவலைதான். 2013 முதல் சிங்கப்பூர் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் நாடாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"தேர்வில் இது வருமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வாய்மொழித் தேர்வில் காணொளியைக் கண்டு பிள்ளை சொந்தமாகப் பேச வேண்டும். பேசுவதற்குப் பொருள் இல்லாத பிள்ளைக்கு மனப்பாட வாக்கியங்கள் எத்தனை நிமிடம் கைகொடுக்கும்?

கோல்மன் தெருவில் 1995 முதல் இருந்த அஞ்சல்தலை அரும்பொருளகம் 2022 டிசம்பரில் சிறுவர் அரும்பொருளகமாக மாறிவிட்டது. ஆகவே வீட்டு அலமாரிகளைத்தான் நம்ப வேண்டும். தாத்தா பாட்டியின் கடிதக் கட்டில் பழைய உறைகள் இருந்தால் அஞ்சல்தலையை வெட்டி எடுக்காதீர்கள். முத்திரையிலுள்ள ஊரும் நாளும் பாடத்திற்கு வேண்டும்.