அந்த நடவுப் பாட்டு யாரோட ஞாபகம்? - ரீல்ஸில் கேட்கிற குரலும், கூத்தாநல்லூர் வீடுகளும்

ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே போறீங்க. சமையல், கிரிக்கெட், கலாய் வீடியோ... எதுலயும் விரல் நிக்கலை. திடீர்னு ஒரு சேத்து வயல். வரிசையா குனிஞ்சு நாத்து நடுற பெண்கள். ஒருத்தர் ஒரு அடி பாட, மத்தவங்க சேர்ந்து திருப்பிப் பாடுறாங்க. பின்னணி இசை கிடையாது, ஆட்டோட்யூன் கிடையாது. ஆனாலும் விரல் நின்னுடுது. கமென்ட்டைத் திறந்தா ‘எங்க அப்பாயி ஞாபகம் வருது’, ‘அந்தக் காலம் திரும்ப வருமா’ங்கிற ரகத்தில் நீளமான வரிசை.

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? அப்படி எழுதுற பலர் 20 வயசுக்காரங்க. வயலில் கால் வெச்சதே இல்லாதவங்க. வாழாத ஒரு காலத்துக்காக மனசு ஏன் ஏங்குது? அதைவிட முக்கியமான கேள்வி இன்னொண்ணு இருக்கு. அந்தப் பாட்டைப் பாடினவங்களுக்கும் அதே ஞாபகம்தானா?

இந்த ரெண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்க, திருவாரூர் மாவட்டத்துல இருக்கிற கூத்தாநல்லூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. ஊரைச் சுத்தி நெல் வயல். ஊருக்குள்ள வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகள். ‘சின்ன சிங்கப்பூர்’னு பட்டப்பேரே உண்டு. வயலில் பிறந்த பாட்டும், கடல் தாண்டின ஏக்கமும் இங்கே ஒண்ணுக்கொண்ணு கூப்பிடு தூரத்தில் இருக்கு.

வாழாத காலத்துக்கு ஏன் ஏங்குறோம்?

முதல் கேள்விக்கு விஞ்ஞானத்திடம் ஓரளவு பதில் இருக்கு. பாட்டு கேட்கும்போது நம்ம சொந்த வாழ்க்கை ஞாபகங்கள் கிளம்புறதை, அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஜனாட்டா 2009-ல் மூளை ஸ்கேன் மூலமா ஆராய்ந்தார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையின் முன்பகுதியில் பாட்டும் சுய ஞாபகமும் கைகோத்துக்கிறதா அவர் ஆய்வு சொல்லுது.

இன்னும் சுவாரஸ்யமானது 2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக்கோட சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. 20 வயசு மாணவர்களிடம் பல வருஷத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினாங்க. தங்களோட காலத்துப் பாட்டுக்கு மாணவர்கள் நெகிழ்ந்தது எதிர்பார்த்ததுதான். ஆனா, அப்பா அம்மா இளவயசில் கேட்ட பாடல்களுக்கும் ஞாபகம் எகிறிச்சு. தாத்தா பாட்டி காலத்துப் பாடல்களுக்கும் ஒரு சின்ன மேடு தெரிஞ்சது. வீட்டில் ஓடின பாட்டு, ஒரு தலைமுறையின் ஞாபகத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாத்திக் கொடுத்துடுது.

ஆக, ‘நீ எங்கே வயல்ல இறங்கினே, உனக்கென்ன ஏக்கம்?’னு யாராவது கிண்டல் பண்ணினா கூச்சப்படாதீங்க. உங்க ஏக்கம் பொய் இல்லை. பாட்டி அடுப்படியில் முணுமுணுத்ததை, தொட்டிலில் கிடந்தபடி நீங்க கேட்டிருக்கலாம்.

ஒரு மெட்டுக்குத் தடை போட்ட கதை

‘நாஸ்டால்ஜியா’ங்கிற வார்த்தை முதலில் ஒரு நோயோட பேரு. 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்கிற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர், ஊரைப் பிரிஞ்சவங்களை வாட்டுற ஏக்கத்துக்கு வெச்ச பேரு அது. அப்போ சுவிஸ் இளைஞர்கள் கூட்டம் கூட்டமா வெளிநாட்டு ராணுவங்களில் கூலிக்கு வேலை பார்த்தாங்க. மாடு மேய்க்கும்போது பாடுற ஊர் மெட்டைக் கேட்டாலே அழுவாங்க, படையை விட்டு ஓடுவாங்க. அதனால் அந்த மெட்டை வாசிக்கவே கடும் தடை இருந்ததுன்னு தத்துவவாதி ரூசோ, 1768-ல் வெளியான தன் இசை அகராதியில் எழுதியிருக்கார்.

கூடவே ரூசோ ஒரு விஷயம் சொல்றார். அந்த மெட்டைத் தனியா எடுத்துப் பார்த்தா பெரிய விசேஷம் ஒண்ணும் இல்லையாம். வேத்து ஊர்க்காரங்களை அது அசைக்கவும் இல்லையாம். அங்கே வேலை செஞ்சது இசையைவிட, அது தட்டி எழுப்பின ஞாபகம்தான்.

சரி, சுவிட்சர்லாந்து மலைக்கும் டெல்டாவுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டுமே பிள்ளைகளைச் சம்பாதிக்க வெளியே அனுப்பின ஊர்கள்.

சபராளி வீட்டுத் தாலாட்டு

கூத்தாநல்லூர் மாதிரியான டெல்டா முஸ்லிம் ஊர்களில் ‘சபராளி’ன்னு ஒரு சொல் உண்டு. சபர்னா பயணம். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர் சபராளி. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கு வழியா சிங்கப்பூர் போற பாதை பல காலம் உயிரோட இருந்தது. 1970-களின் தொடக்கம் வரை ‘ரஜுலா’ கப்பல், அப்புறம் ‘எம்.வி.சிதம்பரம்’. 1985-ல் சிதம்பரம் தீ விபத்துக்குள்ளானதோட அந்தக் கடல்வழிப் பயணம் முடிஞ்சது. அதுக்குள்ள வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறுற தலைமுறை வந்தாச்சு.

சபர் போனவர் திரும்ப ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகும். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசின பிறகுதான் அத்தா முகத்தையே பார்க்கும். அந்த வீட்டில் தாலாட்டு யாருக்குன்னு நினைக்கிறீங்க? தொட்டில் பிள்ளைக்குன்னு பேரு. நிஜத்தில் அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குப் போற தந்தி. நேரா சொன்னா மாமியார் காதில் விழும். பாட்டா சொன்னா யாரும் குத்தம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுத் தாலாட்டுகளில் மாமா சீர், கணவனோட பிரிவு, பிறந்த வீட்டுப் பெருமை எல்லாம் நுழைஞ்சது இப்படித்தான். தூங்க வைக்கிற சாக்கில், பெண்கள் பேச முடியாததைப் பேசிக்கிட்டாங்க.

டெல்டாவின் இந்த ஊர்களில் இன்னும் சில குரல்களும் ஞாபகத்தில் தங்கியிருக்கு. ரமலான் மாசம் பின்னிரவில் தப்ஸ் தட்டி, பாடி, ஜனங்களை சஹருக்கு எழுப்புற பக்கிர்களோட குரல். கல்யாண வீட்டில் பெண்கள் சேர்ந்து பாடுற பாட்டு. அப்புறம், 2015 ஏப்ரலில் மறைந்த நாகூர் ஹனீபாவோட கம்பீரக் குரல். ஹனீபா பாடல்கள் நாட்டுப்புறப் பாடல்கள் ஆகாது. ஆனா கேசட்டில் கடல் தாண்டிப் போய், தங்கும் அறைகளில் சுத்திச் சுத்தி ஓடி, பலருக்கு ஊரோட குரலாவே ஆகிப்போச்சு. சிங்கப்பூரிலோ துபாயிலோ அதைக் கேட்டு ஒருத்தர் கண் கலங்கினா, பக்கத்து அறைக்காரருக்கு அது வெறும் பாட்டு. ரூசோ சொன்ன அதே கதை.

வயலுக்குள்ள இருந்த கணக்கு வேற

இப்போ ஊரைத் தாண்டி வயலுக்கு வாங்க. நடவுப் பாட்டு பொழுதுபோக்குக்குப் பிறந்தது கிடையாது. அது வேலையோட ஒரு கருவி. இடுப்பு ஒடிய நாள் முழுக்கக் குனிஞ்சு, முடி முடியா நாத்தைப் பிரிச்சு, ஒரே வேகத்தில் பின்னால் நகர்ந்து நடணும். ஒருத்தர் முந்தினாலும் பிந்தினாலும் வரிசை கெட்டுப்போகும். பாட்டுதான் அந்த வேகத்தைப் பிடிச்சு வெச்சது. வரப்போரமா போறவரை மறிச்சு, குலவை போட்டு, பாட்டாலேயே காசு கேட்கிற வழக்கமும் இருந்தது. கூலி குறைச்சலா இருந்த காலத்தில் அந்தச் சில்லறை ஒரு வெத்தலை பாக்குச் செலவுக்கு ஆச்சு.

‘அந்தக் காலம் திரும்ப வருமா’ன்னு கமென்ட் போடுறதுக்கு முன்னாடி, அந்தக் காலத்தில் என்ன இருந்ததுன்னும் தெரிஞ்சுக்கணும். இதே கீழத்தஞ்சையில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள்ள எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக்காக விவசாயத் தொழிலாளர்கள் நடத்தின போராட்டம். வயலில் பாடினவங்களும் அந்தச் சேரிகளின் பெண்கள்தான்.

அதே பாட்டு, வரப்பில் குடை பிடிச்சு நின்ன நிலக்காரர் வீட்டுப் பேரனுக்குப் ‘பசுமையான பால்யம்’. சேத்தில் நின்னவரின் பேத்திக்கு, பாட்டியோட இடுப்பு வலி. சிங்கப்பூரில் இருக்கிறவருக்கு ஊர் மண். மூணும் உண்மைதான். ஆனா ரீல்ஸ்ல முதல் ஞாபகம் மட்டும்தான் அழகா எடிட் ஆகி வருது.

பாட்டு ஏன் நின்னுச்சு?

‘பெண்கள் இப்போ பாடுறதில்லை’ன்னு சலிச்சுக்கிறவங்க உண்டு. காரணம் வயலிலேயே இருக்கு. நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் போட்டா போதும். பாட்டு தேவையில்லை, எஞ்சின் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. 2024 குறுவைத் தொகுப்புத் திட்டத்தில், இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம்னு ஒரு லட்சம் ஏக்கருக்குத் தமிழக அரசு அறிவிச்சது. பல இடங்களில் நடவே இல்லாம நேரடி விதைப்பு. கை நடவு நடக்கிற இடங்களிலும் மேற்கு வங்கத்திலிருந்து வர்ற ஆண்கள் குழுக்கள், ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி மளமளன்னு முடிக்கிறாங்க.

இதுக்காக இயந்திரத்தைத் திட்ட முடியுமா? முடியாது. குனிஞ்ச முதுகு நிமிர்றது நல்ல விஷயம். 100 நாள் வேலைக்கோ துணிக்கடைக்கோ போற மகளைப் பார்த்து ‘நீ ஏன் நடவுப் பாட்டு பாடலை?’ன்னு கேட்க யாருக்கும் உரிமை இல்லை. வேலை போகட்டும். அந்த வேலையில் பிறந்த பாட்டும், பாடினவங்க பேரும் கூடவே போயிடக் கூடாது. இங்கே பிரச்னை அதுதான்.

பேர் இல்லாத குரல்

நீங்க பார்த்த அந்த ரீலை மறுபடி நினைச்சுப் பாருங்க. பாடினவர் பேர் இருந்ததா? ஊர் இருந்ததா? ‘வில்லேஜ் வைப்ஸ்’னு ஒரு ஹேஷ்டேக் மட்டும்தான் இருந்திருக்கும். எடுத்தவர் பக்கத்தோட பேர் மட்டும் மூலையில் பளிச்சுன்னு இருக்கும்.

பேர் கிடைச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. 2021-ல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’க்குப் பின்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை இருக்குன்னு அறிவு சொன்னார். ஒரு பாட்டியின் பேர் உலகம் முழுக்கத் தெரிஞ்சது. அதே வருஷம் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு விடுபட்டப்போ, பெரிய விவாதமே கிளம்பிச்சு. அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்கு ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடினதுக்காக 2022-ல் தேசிய விருது அறிவிச்சாங்க. 2025 ஜூனில் கொல்லங்குடி கருப்பாயி மறைந்தப்போ, ஊரே பேர் சொல்லி அஞ்சலி செலுத்தியது. இவங்க எல்லாரும் விதிவிலக்கு. மத்தவங்க ‘ஒரு பாட்டிம்மா’தான்.

சட்டமும் இதில் பேசாம இல்லை. நாட்டுப்புறப் பாட்டுக்கு எழுதினவர் யாருன்னு தெரியாது; அதனால் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை. ஆனா இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவின்படி, பாடிக் காட்டினவருக்கு ‘நிகழ்த்துநர் உரிமை’ 50 வருஷத்துக்கு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, ‘இதைப் பாடினது நான்’னு பேர் போடச் சொல்ற உரிமையும் உண்டு. வயலோரம் போனை நீட்டிப் படம் பிடிக்கிற நமக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

உங்க போன் செய்யக்கூடியது

பெர்சி மெக்வீன் என்கிற ஆங்கிலேய அதிகாரி சேகரிச்ச நாட்டுப்பாடல்களை, கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1958-ல் ‘மலையருவி’ங்கிற பேரில் வெளியிட்டது. நா.வானமாமலையும் பெரிய தொகுப்புகள் கொடுத்துட்டுப் போயிருக்கார். அந்தப் புத்தகங்களில் சொல் இருக்கு. குரல் இல்லை. மூச்சு வாங்குற இடம், நடுவில் வர்ற சிரிப்பு, தொண்டை அடைக்கிற அடி - எதுவும் இல்லை. அவங்களிடம் இல்லாத ஒண்ணு உங்க சட்டைப் பையில் இருக்கு.

அப்பாயியோ, அம்மாயியோ, நன்னியோ, பக்கத்துத் தெரு ஆத்தாவோ - யாரிடமாவது போய் உட்காருங்க. ‘ஒரு பாட்டு பாடுங்க’ன்னு மட்டும் கேட்காதீங்க. யாரிடம் கத்துக்கிட்டீங்க, எந்த வயலில் பாடினீங்க, அன்னிக்கு என்ன கூலி, பக்கத்தில் நின்னது யாருன்னு கேளுங்க. தாலாட்டுன்னா, எந்தப் பிள்ளைக்குப் பாடினது, அப்போ தாத்தா எந்த ஊரில் இருந்தார்னு கேளுங்க. பாட்டைவிட அந்தப் பதில்கள் நீளமா இருக்கும். கட் பண்ணாம ஓட விடுங்க.

ஒரு எச்சரிக்கை. ஒப்பாரியை வீட்டுக்குள்ள பாடச் சொல்லாதீங்க. சாவு விழாத வீட்டில் அதைப் பாடக் கூடாதுங்கிறது பலரோட நம்பிக்கை. பாடினவர் பல நாள் மனசு உடைஞ்சும் கிடப்பார். அவங்களா முன்வந்தா, அவங்க சொல்ற இடத்தில் கேளுங்க. அப்புறம், பதிவேத்தணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற உரிமை அவங்களோடது. ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’னு சொன்னா, அது குடும்ப வாட்ஸ்அப்பைக்கூடத் தாண்டக் கூடாது. சரின்னு சொன்னா, கேப்ஷனின் முதல் வரியில் அவங்க பேரும் ஊரும் வரட்டும்.

அடுத்த தடவை ஒரு பழைய பாட்டுக்கு விரல் நின்னா, ஹார்ட் போடுறது தப்பில்லை. கூடவே கமென்ட்ல ஒரே ஒரு வரி கேளுங்க: ‘இதைப் பாடினவங்க பேர் என்ன?’