தூக்கில் போடு என்பதற்கு முன்னர்

ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் அன்றிரவே முகநூல் முழுக்க "தூக்கில் போடு" என்று எழுதுகிறோம். அந்தக் கோபம் நியாயமானது. பிள்ளை பெற்ற எவருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் மரண தண்டனை நம் நாட்டுச் சட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. நீதிமன்றங்கள் இன்றும் அதை விதிக்கின்றன. 1976க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை, அவ்வளவுதான்.

"ஷரீஆ சட்டம் இருந்தால் இப்படி நடக்குமா?" என்று கேட்கும் சகோதரர்களுக்கு இரண்டு விடயங்களை நினைவுபடுத்துகிறேன்.

முதலாவது, சந்தேகம் இருந்தால் ஹத்துத் தண்டனை இல்லை என்பது நமது ஃபிக்ஹின் அடிப்படை விதி. 2015இல் கொட்டதெனியாவில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது பொலிஸார் முதலில் பிடித்தவர்களில் ஒருவன் 17 வயதுப் பாடசாலை மாணவன். பொலிஸார் தன்னை அடித்ததாக அவன் பின்னர் சொன்னான். மரபணுப் பரிசோதனைதான் அவனைக் காப்பாற்றியது. உண்மைக் குற்றவாளி வேறொருவன். ஊரின் கோபப்படி அன்றே தூக்கிலிட்டிருந்தால் யாருடைய பிள்ளை போயிருக்கும்?

இரண்டாவது, கிஸாஸில் மன்னிக்கும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு உரியது. நம் நாட்டில் அது ஜனாதிபதியின் கையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மிருசுவிலில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வர 15 வருடங்கள் சென்றன. உயர் நீதிமன்றமும் 2019இல் அந்த மரண தண்டனையை உறுதி செய்தது. அடுத்த வருடமே, கொவிட் பரபரப்புக்கு நடுவில், குற்றவாளியான இராணுவ வீரர் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். தூக்கு என்று தீர்ப்பு எழுதியும் என்ன பயன்?

குற்றவாளியைப் பயமுறுத்துவது தண்டனையின் கடுமையை விட, "நிச்சயம் பிடிபடுவேன், வெளியே வரமாட்டேன்" என்ற உறுதிதான். புங்குடுதீவு மாணவியின் வழக்கில் இரண்டரை வருடத்துக்குள் ட்ரயல் அட் பார் தீர்ப்பு வந்தது. மக்கள் வீதியில் இறங்கிய வழக்கில் முடிந்தது, யாரும் பேசாத ஏழைப் பிள்ளையின் வழக்கில் ஏன் முடியாது?

ஆகவே அடுத்த முறை "தூக்கில் போடு" என்று எழுத முன்னர் இந்த மூன்றையும் கேட்போம்: சரியான ஆளைப் பிடித்தார்களா? வழக்கு எப்போது முடியும்? தீர்ப்புக்குப் பின் அவனை யாரும் வெளியே விடாமல் இருக்க என்ன உத்தரவாதம்?

கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். வழக்கு முடியும் வரை இந்தக் கேள்விகளை நாம் விடக்கூடாது.